எவ்ரிக்கு எத்தனை கைத்தட்டல்

பேத்தி இரண்டாம் வகுப்பு. ஆங்கிலச் சொற்களை அசை பிரிக்கும் வீட்டுப்பாடம். 'எவ்ரி'க்கு (every) இரண்டு அசை என்று நான் சொன்னதையே எழுதினாள். டீச்சர் சிவப்பில் அடித்துவிட்டார்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, அகராதியைப் பார்த்தே ஆங்கிலம் கற்றவன் நான். அதில் இரண்டுதான். இன்று அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

"சார், நாங்க கை தட்டித்தான் சொல்லித் தர்றோம், பாருங்க" என்றார் டீச்சர். வகுப்பே 'எ, வெ, ரி' என்று மூன்று முறை தட்டியது. பேத்தியும் தட்டினாள்.

திரும்பி வரும்போது, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா, நீயுமா?"

"எல்லாரும் தட்டுறப்ப நான் மட்டும் எப்படி தாத்தா நிறுத்துறது? நாளைக்கும் நான்தானே அங்க உக்காரணும்."

ஆனாலும் எனக்கு இரண்டுதான். இரண்டோடு நிறுத்துகிறவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.