பதினேழு செயலிகளின் பட்டியல்

என் நாட்குறிப்பில் நான்கு பக்கங்கள் மடிக்கணினிச் செயலிகளின், அதாவது உள்ளே இருக்கும் புரொசசர்களின், பெயர்களால் நிறைந்திருக்கின்றன. மொத்தம் பதினேழு. அடிமட்டம் வைத்துக் கோடிட்டு எழுதியவை.

மனைவியின் மடிக்கணினி பழுதான அன்று அந்தப் பட்டியலைத் தொடங்கினேன். அவள் வீட்டிலிருந்தே அழைப்பிதழ்களும் மரண அறிவித்தல்களும் தட்டச்சு செய்து மாத்தளையில் ஓர் அச்சகத்துக்குக் கொடுப்பாள். விண்டோஸ் இல்லை, லினக்ஸில்தான் வேலை. தமிழ் விசைப்பலகையைத் தன் விரல்களுக்கு ஏற்றபடி அதில் அவளே மாற்றி அமைத்திருந்தாள். அப்போது அவளுக்கு நோய் வந்து எட்டு மாதம். கண்டிக்குக் கிளினிக் போய்வந்த மறுநாளும் அவளை எழுப்பி உட்காரவைத்தது அந்த வேலைதான்.

"ஏதாச்சும் ஒண்ண வாங்கிட்டு வாங்க. சும்மா படுத்துக் கெடக்க முடியல," என்றாள்.

ஏதாவது ஒன்றை வாங்குபவன் அல்ல நான். பெரிய எண் போட்ட செயலி உள்ளே பழையதாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தால்தான் அது எந்தத் தலைமுறை என்று தெரியும். இன்னொன்றில் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அவர்கள் பெயரிடும் முறையையே மாற்றிவிட்டார்கள். பட்டியலை முதலிலிருந்து எழுதினேன்.

கணினிக் கடைக்கு மூன்றாம் தடவை போனபோது கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"என்னையப் பார்க்க வந்தப்ப வடையக் கடிச்சிக்கிட்டே சரின்னு சொன்ன ஆளுதானே நீங்க," என்றாள். "இதுக்கு மட்டும் ஏங்க இப்படி?"

மூன்று மாதம் கழித்து ஒரு புதிய செயலியைத் தேர்ந்தேன். மூடியை இறக்கினால் லினக்ஸ் அதில் சரியாக உறக்கநிலைக்குப் போவதில்லை, அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள்.

"இன்னும் ஆறு வாரம். பொறுத்துக்க," என்றேன்.

"சரிங்க," என்றாள். தலையணையில் சாய்ந்தபடி போர்வைமேல் விரல்களை அசைத்துக்கொண்டிருந்தாள், தட்டச்சு செய்வதுபோல. அதையும் அன்றைய பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

ஐந்தாம் வாரம் அவள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அழைப்பு அடிக்க அச்சகத்துக்குப் போனேன். "இதெல்லாம் அக்காதான் அடிச்சுத் தருவாங்க," என்றார் அங்கிருந்தவர்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய், தேர்ந்து வைத்திருந்த செயலி உள்ள மடிக்கணினியையே வாங்கிவந்தேன். லினக்ஸின் புதிய பதிப்பு சொன்னபடியே வெளிவந்திருந்தது. அவளுடைய பென்டிரைவிலிருந்து விசைப்பலகைக் கோப்பைப் போட்டேன். முப்பத்தோராம் நாள் அழைப்புக்கென்று அவள் ஒரு மாதிரி வைத்திருந்தாள். பெயருக்கும் வயதுக்கும் நாளுக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. அவள் விரல்களுக்குத் தெரிந்த இடங்கள் என் விரல்களுக்குத் தெரியவில்லை. அவள் பெயரை அடித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

மூடியை இறக்கினேன். சரியாக உறங்கியது. திறந்தபோது பெயர் அப்படியே இருந்தது. ஒரு குறையும் இல்லை.

பட்டியலில் முதலாவதாக எழுதிய செயலியும் இந்த வேலைக்குப் போதும். நான் முதல்முறை போன அன்றே அது கடையில் இருந்தது.