மெஷின் அறையில் பிறந்தநாள்

எனக்கு எட்டு வயதான அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் அப்பா, நாங்கள் குடியேறியிருந்த டேனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவின் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொள்ளும் நாள். அவருடைய சிறுநீரகங்கள் செய்யாத வேலையை அங்கே ஒரு மெஷின் செய்யும். வீட்டுக்கு வந்ததும் களைப்பில் சுருண்டு படுத்துவிடுவார்.

"ஞாயிற்றுக்கிழமை கேக் வெட்டுவம், குஞ்சு" என்றார் அம்மா. நானா கேட்பேன்? முதல் துண்டு அப்பாவின் வாய்க்கு, அதுவும் பிறந்த நாளன்றே. இல்லையென்றால் கேக்கே வேண்டாம் என்று குப்புறப் படுத்துக்கொண்டேன். கடைசியில் அம்மா தாதியிடம் அனுமதி கேட்டு, கேக்கோடு என்னையும் கூட்டிப்போனார்.

அங்கே வேறொரு சிக்கல். அப்பாவுக்கு சொக்லேட் ஆகாது. என் கேக்கோ முழுக்க சொக்லேட். தாதி கேக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மெஷின் இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது, சின்னத் துண்டென்றால் அதுவே சுத்திகரித்துவிடும், பரவாயில்லை என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தாதி கேக்கில் குட்டி டேனிஷ் கொடிகளைக் குத்தினார். டேனிஷ்காரரின் பிறந்தநாள் பாட்டில் வாத்தியங்களை வாசிப்பதுபோல் நடித்துக் காட்ட வேண்டும். அறையில் அப்பாவைப் போலவே இன்னும் சில நோயாளிகள் இருந்தார்கள்; ஆளுக்கொரு கை மெஷினில் மாட்டியிருக்க, மற்றக் கையால் எல்லோரும் வயலின் வாசித்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஊட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களின் வழக்கப்படி, பிறந்தநாள் பிள்ளை வந்த எல்லோருக்கும் ஊட்ட வேண்டுமே! பக்கத்து நாற்காலியில் இருந்த வெள்ளைத் தாடிக்காரர் தட்டுக்காகக் கையை நீட்டினார். நான் துண்டை நேரே அவர் வாய்க்குக் கொண்டுபோனேன்.

"பிள்ளை, அவைக்கு உது பழக்கமில்லை!" என்று அப்பா பதறினார்.

தாடிக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு ஆவென்று வாயைத் திறந்தார். அதைக் கண்ட அடுத்த நாற்காலி அம்மையார் நான் போய்ச் சேருமுன்பே வாயைத் திறந்துவைத்திருந்தார். தாதி பின்னாலேயே வந்து ஒவ்வொரு துண்டையும் பாதியாக்கினார்.

அப்படியொரு சந்தோஷம் மண்டபம் எடுத்துக் கொண்டாடிய எந்தப் பிறந்தநாளிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பூரிப்பில், "அடுத்த பிறந்தநாளுக்கும் எல்லாரும் இங்கேயே இருப்பீர்களா?" என்று டேனிஷில் கேட்டேன்.

முதலில் தாடிக்காரர் கையை உயர்த்தினார். பிறகு அம்மையார், பிறகு மற்றவர்கள், கடைசியாகச் சிரித்துக்கொண்டே அப்பா. நான் கைதட்டிக் குதித்தேன். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது என்ற அழைப்புக்காகக் காத்திருந்த அவர்கள் ஒவ்வொருவரும், அடுத்த வருடம் அங்கே இருக்கவே கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.