காவியின் மேல் கறுப்பு மை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓவியப் படிப்பை முடித்துவிட்டு, மயிலாப்பூரில் அப்பா அம்மாவோடு இருந்தபடியே புத்தகங்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். தி.நகரில் பள்ளிப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பாளர் சரித்திரப் பாடத்துக்கு ஒரு படம் கேட்டார். ஆதிமனிதர்கள் பாறையில் ஓவியம் தீட்டும் காட்சி. “முதல் பக்கம், கலர்ல வரும். நல்லாப் பண்ணிக் குடுங்கம்மா” என்றார்.

அவர்கள் மண்ணில் கிடைத்ததைக் கொண்டு தீட்டியவர்கள். அவர்களை டியூப் வண்ணத்தில் வரைய எனக்கு மனம் வரவில்லை. கோயில் குளத்துக்குப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் காவிக்கட்டி வாங்கினேன். இரும்பு வாணலியில் வறுத்தால் அது மெல்லச் சிவக்கும். சீக்கிரம் இறக்கினால் ஆரஞ்சு, பொறுத்து இறக்கினால் ரத்தச் சிவப்பு. “நாளைக்கு இதுல நான் எப்படித் தாளிக்கிறது?” என்று அம்மா கத்தினாள். நான்கு நாள் வறுத்து, பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, வேப்பம்பிசினில் குழைத்தேன். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு அடுப்புக்கரி.

பாறை முன்னால் ஒரு பெண் நிற்பதாக வரைந்தேன். இடுப்பில் குழந்தை தூங்குகிறது. நுனியை நசுக்கிய குச்சியால் அவள் ஒரு மானின் முதுகுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள். கீழே ஒருவன் உட்கார்ந்து அவளுக்காகக் காவி அரைக்கிறான்.

புத்தகம் அச்சாகி வீட்டுக்கு வந்தது. முதல் பக்கத்தில் கலர் இல்லை, வெறும் கறுப்பு. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் என் பெண்ணுக்குத் தாடி முளைத்திருந்தது. மார்பெல்லாம் முடி. குழந்தையின் தலையில் நீளமாக இரண்டு காதுகள். குழந்தையை முயலாக்கிவிட்டார்கள்!

படத்தை அச்சில் ஏற்ற உலோக பிளாக் செய்தவர் கெடுத்துவிட்டார் என்று நினைத்து நேரே ராயப்பேட்டைக்குப் போனேன். அங்கே பட்டறை வைத்திருந்த பாய் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நான் இன்னாமா பண்றது? படத்து மேலயே மையில வரைஞ்சுதான் அனுப்ச்சாங்க. கொயந்தையைப் போயி முயலாக்கிக்கீறாங்களேன்னு எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. கேட்டதுக்கு, நீ பிளாக்கை மட்டும் பாருன்னுட்டாங்க.”

அங்கிருந்தே தி.நகருக்கு பஸ் ஏறினேன். பதிப்பாளர் என்னைப் பார்த்ததும் காப்பி வரவழைத்தார். நான் உட்காரவில்லை.

“யாரைக் கேட்டு மாத்தினீங்க?”

“உங்களைக் கேட்டா ஒத்துக்க மாட்டீங்க. பொம்பளை படம் வரையிற மாதிரி போட்டா வாத்தியாருங்க சிரிப்பாங்கம்மா. ஆம்பளைதானே வேட்டைக்குப் போனான்? அவன்தானே வரைஞ்சிருப்பான்?”

“நீங்க கூட இருந்து பார்த்தீங்களா?”

“எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு.”

“உங்க வீட்டு வாசல்ல வெள்ளிக்கிழமை கோலம் போட்டு, அதைச் சுத்திக் காவி இழுக்கிறது யாரு? நீங்களா?”

“அது கோலம்மா. இது சரித்திரம்” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். எனக்கு அதுதான் ஆறவில்லை. விடிகாலையில் அவர் மனைவி காவியில் கை நனைத்துக் குனிந்து நிற்பதை வெள்ளிக்கிழமைதோறும் தாண்டித்தான் அவர் வெளியே வந்திருப்பார். அது அவர் கண்ணில் படவே இல்லை.

“அடுத்து ஒரு சமையல் புத்தகம் வருது. அதுல நீங்க எத்தனை பொம்பளை வேணாலும் போடலாம்” என்றார் சமாதானமாக.

என் படத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அலமாரியின் மேலிருந்து தூசியோடு எடுத்துக் கொடுத்தார். காப்பியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

வீட்டில் ஈரப் பஞ்சால் தாடியை எடுக்கப் பார்த்தேன். பிசின் கரைந்து காவிதான் வழிந்தது. அவர்கள் வைத்த கறுப்பு மை அப்படியே நின்றது. நான்கு நாள் வறுத்த சிவப்பு பஞ்சில் ஏறியதைப் பார்த்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவு கோவம் வருதுன்னா திரும்பவும் வரைஞ்சுடு. பேசாம உட்கார்ந்து அழாதே.”

திரும்ப வரைந்தேன். அடுத்த பதிப்பிலாவது இதைப் போடுங்கள் என்று ஒரு கடிதமும் வைத்து அதே பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வரி பதில் இல்லை. படமும் திரும்பவில்லை. நான் சண்டைக்காரி என்ற பேச்சு மட்டும் மற்ற பதிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேர் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடையாறில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை கிடைக்கிற வரைக்கும் புடவைக் கரைகளுக்கு மாதிரி வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பதிப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டால் பழையபடி வேலை வரும் என்று ஒருவர் வந்து சொன்னார். யார் கேட்பது, யாரிடம் கேட்பது என்று திருப்பிக் கேட்டேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.