அக்காவுக்குப் பதித்த தரை

எங்கள் அக்கா சண்டிலிப்பாயில் பிறந்து, இணுவிலில் வாழ்க்கைப்பட்டு, இந்த மாரியில் அங்கேயே கண்மூடினார். இந்த மூன்றுக்கும் இடையில் நடந்தவற்றை எழுதித் தரும்படி அக்காவின் மகள் வதனி கேட்டபோது, வேறு ஆரையாவது கேள் என்றேன்.

“அம்மாவுக்கு நீங்கள் ஒரே தம்பி, மாமா. நீங்கள் எழுதாட்டில் ஆர் எழுதுறது?” என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியில் உறவினர் கைகளுக்கு வரும் இந்தச் சிறு புத்தகத்தை எங்கள் ஊர்களில் கல்வெட்டு என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு அயலிலுள்ள பல வீடுகளுக்குக் கல்வெட்டுப் பிழைதிருத்திக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் வருகிறவர்கள் எல்லோரும் விடிய முன்னர் எழும்பியவர்கள்; ஒருவரையும் கடிந்து பேசாதவர்கள். எங்கள் அக்கா வெயில் ஏறிய பிறகும் படுத்திருப்பார். கடிந்தும் பேசுவார், அதிலும் என்னைத்தான் அதிகம். அது போதாது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஐயாவுக்குப் புகையிலைத் தோட்டம். அம்மா நோயாளி. அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார். நின்றார் என்று எழுதுவது வழக்கம். நிறுத்தினோம் என்பதே சரி. நான் படிக்க வேண்டும், வீட்டில் சமைக்க ஆள் வேண்டும், இரண்டுக்கும் இருந்தவர் அவர் ஒருவர்தான். நான் படித்து, அரச கட்டடப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாகி, மற்றவர்கள் கட்டியதில் பிழை பிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன்.

எங்கள் வீட்டுக் கிணறு நாலு குடும்பத்துக்குப் பொதுவான பங்குக் கிணறு. ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து அக்கா நெஞ்சுக்கு மேல் சேலையைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு அவசரமாகக் குளித்து ஓடிவருவார். கல்யாணம் முடித்து இணுவிலுக்குப் போனபோது அங்கே சொந்தக் கிணறு, ஆனால் ஆட்கள் போய்வருகிற ஒழுங்கையோரம். சங்கக்கடையில் வேலைசெய்த அத்தான் கிடுகு வேலி அடைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு சோளகக் காற்றுக்கும் அது பிய்ந்து பறக்கும். யுத்தத்தில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போன இடப்பெயர்வில், அக்கா ஒரு பள்ளிக்கூடக் கிணற்றடியில் பெண்கள் வரிசையில் வாளியோடு நின்றார். திரும்பி வந்து வீட்டைத் திருத்தினார். அத்தானை இழந்தார். தையல் மெசினை மிதித்து வதனியை ஆசிரியையாக்கினார். இவ்வளவு காலமும் அவர் குளித்தது திறந்த வெளியில்தான், ஈரச் சேலையோடுதான். இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யாழ்ப்பாணத்து ஆண்கள் யோசிக்கிற விடயமல்ல அது.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு குசினிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கொடியில் சேலையொன்றை மறைப்பாகத் தொங்கவிட்டு, வதனி குளிக்கவார்த்தாள். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அக்கா சொன்னார்:

“எனக்கு வேறை ஒண்டும் வேண்டாமடா தம்பி. ஒருக்கா கதவைச் சாத்திப்போட்டு, ஒருத்தரும் பாக்காமல், ஆறுதலாய் இருந்து குளிக்கவேணும்.”

வதனி உடனே அக்காவின் அறைக்குப் பின்னால் குளியலறை கட்ட ஏற்பாடு செய்தாள். சுவர் எழும்பிக் கூரை போட்டதும், எங்கள் பக்கத்தில் மாபிள் என்று சொல்லும் தரையோட்டுக் கல்லைப் பதிக்கும் வேலை வந்தது. அதை என்னிடம் ஒப்படைத்தார்கள் என்று எழுதலாம். நானாகவே எடுத்துக்கொண்டேன் என்பதே உண்மை.

இதை வாசிக்கும் உறவினர் பலர் வீட்டுக்கு மாபிள் போடுகிற ஆட்கள். அதனால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவைப் பற்றி எழுதுகிற இடத்தில் சீமெந்தைப் பற்றி எழுதுவதா என்று கேட்பீர்கள். அவருடைய கடைசி மாதங்கள் அதிலேயே போயின.

மாபிள் வேலைக்கு வந்த ரூபன் சுறுசுறுப்பான பெடியன். வந்த அன்றே சீமெந்தைக் கரைத்து ஊற்றித் தரையில் கல்லை வைக்கத் தொடங்கினான். நான் நிறுத்தினேன். இந்தக் காலத்துக் கல் பளிங்குபோல இறுகியது, தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சாத கல்லைச் சீமெந்துக் கரைசல் பிடிக்காது. இன்றைக்குப் பிடித்ததுபோல இருக்கும், இரண்டு மாரி போனால் கிளம்பும். கடையில் வாளியில் விற்கிற, குழைத்தபடியே வரும் பசையும் குளியலறைக்கு ஆகாது. அது ஈரத்தில் திரும்பவும் இளகும். ஈரமான இடத்துக்கென்று இருக்கிற, தண்ணீர் விட்டுக் குழைக்கும் தூள் பசைதான் வேண்டும்.

“ஐயா, நான் எத்தினை வீட்டுக்குப் பதிச்சனான். ஒண்டும் கழரேல்லை,” என்றான் ரூபன்.

“கழண்டால் உனக்கு வந்து சொல்லுவினமோ?”

“பின்னை? வேறை ஆருக்குச் சொல்லுறது?”

“சொல்லமாட்டினம். வேறை ஆளைப் பிடிப்பினம்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பசை வாங்க யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்தான். இந்த இடத்தில் நான் செய்தது சரி. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

பிறகு ஒருநாள் எனக்கு ஓய்வூதிய அலுவல் இருந்தது. நான் இல்லாத நேரத்தில் அவன் ஒரு பக்கச் சுவரைப் பதித்து முடித்துவிட்டான். திரும்பி வந்து ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பாதிக் கற்கள் கோறையாக, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்தன. மூலைக்கொன்றும் நடுவிலொன்றுமாகப் பசையை உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டியிருந்தான். பல் வெட்டிய சாந்தகப்பையால் பசையைச் சுவர் முழுவதும் இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லப் பூசி ஒட்டினால்தான் பின்னால் காற்றிடைவெளி இல்லாமல் இருக்கும். இடைவெளி இருந்தால் தண்ணீர் அங்கே போய்க் குடியிருக்கும்.

கதிரையில் இருந்தபடி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, ஒவ்வொண்டாய்த் தட்டுறாய்? உள்ளுக்கு ஆராவது இருக்கினமோ?”

ரூபன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சுவர் முழுவதையும் கழற்றச் சொன்னேன்.

“பத்தும் பலதும் பாத்தால் வேலை நடக்காதடா. நான் என்ன அந்தச் சுவரிலை ஏறி இருந்தே குளிக்கப்போறன்?” என்றார் அக்கா.

கழற்றியதில் பல கற்கள் உடைந்தன. அதே நிறக் கல் யாழ்ப்பாணத்தில் தீர்ந்துபோயிருந்தது. கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வேறு நிறத்தில் நாலு கல்லை வைத்திருந்தால் அக்கா கவலைப்பட்டிருக்க மாட்டார். வதனியும் பட்டிருக்க மாட்டாள். பட்டிருக்கக்கூடியவன் நான் ஒருவன். எனக்காக எல்லோரும் காத்திருந்தோம். அக்கா கொடிச்சேலைக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தார்.

கல் வந்து, பதித்து முடித்தபோது மழை தொடங்கிவிட்டது. இனிக் கற்களுக்கு இடையிலுள்ள நீக்கலை நிரப்பும் பூச்சு, கடைக்காரர் கிறவுட் என்பது. சாதாரணமானது சீமெந்தில் செய்தது. எங்கள் செம்மண் கால் பட்டால் ஒரு மாதத்தில் பழுப்பாகும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். அதை அகற்ற எல்லோரும் அசிற் ஊற்றுவார்கள். அசிற் பூச்சையும் தின்னும். ஆகவே இரண்டு தகரப் பேணியிலிருந்து எடுத்துக் கலக்கிற எப்பொக்சிப் பூச்சைத் தெரிவுசெய்தேன். விலை கூட, கெதியில் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கவேண்டும், உடனே துடைக்காவிட்டால் கல்லின் முகத்தில் படலமாக நிற்கும். ஆனால் கறை ஏறாது. சுவரும் தரையும் சந்திக்கிற மூலையில் மட்டும் அதைப் போடக்கூடாது. அங்கே அசைவு இருக்கும். றப்பர்போல வளைந்து கொடுக்கும் சிலிக்கன் வேண்டும். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று செய்வித்தேன். ரூபன் அந்த வேலையைத் திறமாகச் செய்தான்.

தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு கிழமை, ஏழு நாள், பொறுக்கவேண்டும் என்று பேணியில் எழுதியிருந்தது. கதவைப் பூட்டித் திறப்பை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கிழமை முடிந்தது. அன்று காலையிலேயே அக்கா துவாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“இண்டைக்குத்தானே?”

“இல்லையக்கா. மழை ஈரம். இன்னும் ஒரு கிழமை போகட்டும்.”

இதுதான் நான் எழுதவேண்டியிருந்த இடம். அந்த இரண்டாவது கிழமை எந்தப் பேணியிலும் எழுதியிருக்கவில்லை. நான் சேர்த்தது. வேலைசெய்த காலத்தில் அப்படித்தான். விதியில் ஒன்று இருந்தால் அதற்கு மேல் இன்னொன்றைச் சேர்த்துவைத்தால் நாளைக்கு ஒருவரும் என்னைக் கேட்க முடியாது. அந்தப் பழக்கத்தை அக்காவின் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கே என்னைக் கேட்க ஆர் இருந்தார்கள்?

“உது காய முன்னம் நான் காஞ்சு போவன்,” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, வதனி பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், என்னைக் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை.

“தம்பி, உடம்பெல்லாம் எரியுது. ஒரு வாளி தண்ணி. ஒரு வாளி ஊத்தினால் உன்ரை மாபிள் கரைஞ்சு போமோ?”

நான் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினேன். பசை இறுகுவது வேறு, காய்வது வேறு என்று சொன்னேன். இறுகியதுபோல இருக்கும்போது தண்ணீர் பட்டால் உட்பக்கம் பலவீனமாகும் என்று சொன்னேன். ஒரு சுகவீனமான கிழவிக்கு, தன் படிப்பை விட்டுக்கொடுத்து என்னைப் படிப்பித்தவருக்கு, படித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“சரியடா. நீ படிச்சனி, உனக்குத் தெரியும்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. துவாய் திரும்பக் கொடிக்குப் போனது.

அந்த இரண்டாவது கிழமை முடிய முன்னர், ஒரு பின்னேரம், அக்கா போனார். தேத்தண்ணி கேட்டார், வதனி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. நெஞ்சு வருத்தம் என்றார் வந்து பார்த்த வைத்தியர். நோவில்லாமல் போனார் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் குளிப்பாட்டி உடுப்பு மாற்றவேண்டும். முற்றத்தில் முடியாது. என் மனைவி வந்து,

“இஞ்சேருங்கோ, திறப்பைத் தாங்கோ. உள்ளுக்கை கொண்டுபோய்க் குளிப்பாட்டுவம்,” என்றாள்.

என் வாயில் வந்த சொல்லை அங்கே நின்ற எல்லோரும் கேட்டார்கள். கேட்காதவர்கள் இங்கே வாசிக்கட்டும்.

“அது இன்னும் காயேல்லை,” என்றேன்.

வதனி கையை நீட்டினாள்.

“மாமா. திறப்பைத் தாங்கோ.”

கொடுத்தேன். அக்காவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்றேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வாளி வாளியாக, நிறைய நேரம் ஊற்றினார்கள். உள்ளே ஆரோ ஒருவர், மெல்ல, பிடரியிலை ஊத்துங்கோ, என்று அக்காவுக்குக் குளிர்ந்துவிடும் என்பதுபோலச் சொன்னது கேட்டது.

செத்தவீடு முடிந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு கல்லும் அசையவில்லை. ஒரு நீக்கலிலும் வெடிப்பில்லை, கறையில்லை. தண்ணீர் தேங்காமல் ஓடியிருந்தது. வேலை திறம். என் உத்தியோக காலத்தில் இப்படியொரு வேலைக்கு யோசிக்காமல் கையெழுத்து வைத்திருப்பேன். அத்தனை வாளி தண்ணீருக்கு அசையாதது, சில நாளுக்கு முந்தி அக்கா கேட்ட ஒரு வாளிக்கும் அசைந்திராது. இதை அறிவதற்கு ஒருவர் கட்டடம் படித்திருக்கத் தேவையில்லை. படித்திருந்த நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

வதனி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முன் அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். “குளியலறைக் கதையை எடுத்துவிடட்டோ?” என்று கேட்டேன்.

“விடுங்கோ மாமா. அம்மா இருந்தால் உங்களுக்கு இதைவிடக் கூடப் பேசியிருப்பா,” என்றாள்.

அக்காவின் சுகவீன காலத்தில் வந்து பார்த்த வைத்தியருக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து பந்தல் போட்டு, கொட்டும் மழையிலும் எல்லாக் காரியங்களையும் பொறுப்பெடுத்த அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சுவர் முழுவதையும் கழற்றச் சொன்னபோது முகம் சுளிக்காமல் கழற்றி, கடைசியில் பாடை கட்டவும் வந்து நின்ற ரூபனுக்கு நன்றி. அக்காவை இரண்டு வருடம் குளிக்கவார்த்த வதனிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை, மற்றவர்கள் சொல்லுங்கள்.

இன்று வீட்டுக்கிருத்தியத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வந்திருப்பவர்களுக்கு ஓர் அறிவித்தல். கைகால் கழுவவோ, பிள்ளைகளைக் குளிக்கவார்க்கவோ, பயணக் களைப்புத் தீர நீங்களே குளிக்கவோ கிணற்றடிக்குப் போகவேண்டாம். அக்காவின் அறைக்குப் பின்னால் குளியலறை இருக்கிறது. கதவை உள்ளே தாழிட்டு, ஆறுதலாக, எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அவ்வளவு ஊற்றுங்கள். ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. என்னை ஒருபோதும் கேட்கவேண்டாம்.