கலர் இல்லாத குழம்புத் தூள்

அந்தப் பெரிய கடையின் கொள்முதல் அதிகாரி எங்கள் பாக்கெட்டை ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெண் பார்க்க வந்தவர் மாதிரி முன்னும் பின்னும் திருப்பினார். "மணம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா கலர் இல்லையே" என்றார். எங்கள் மீன் குழம்புத் தூள் பழுப்பாகத்தான் இருக்கும். மல்லியை நன்றாக நிறம் மாறும்வரை வறுப்பதால் வருவது அது. பக்கத்துப் பட்டினச்சேரி மீனவக் குடும்பங்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அவர்களே மாதச் சாமானுக்குப் பெரிய கடைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

கோட்டுச்சேரியில் முதலாளியம்மா நடத்திய அந்தச் சிறிய மசாலா மில்லில் நான் கடிதப் போக்குவரத்தும் சரக்கு அனுப்புவதும் பார்த்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் 'அம்மா' என்பேன், அவர் 'அண்ணே' என்பார். மில்லில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். மளிகைக் கடைகள் ஆர்டரைக் குறைத்துக்கொண்டே வந்தன. பெரிய கடையும் கைவிட்டால் பாதிப் பேரையாவது நிறுத்தியாக வேண்டும்.

சாயம் சேர்க்கலாமே என்று அதிகாரி ஜாடையாகச் சொன்னதற்கு அம்மா முகமே கொடுக்கவில்லை. நான்தான் பெரிய மேதாவி மாதிரி, "வறுப்பைக் குறைச்சுட்டு, கலர் உள்ள மிளகாயாப் போடுவோம்மா" என்றேன். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். தூள் செக்கச்செவேலென்று வந்தது. கடைக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். ஐப்பசி மழை பிடித்ததும் வினை தொடங்கியது. அரைகுறையாக வறுத்த மல்லியில் ஈரம் தங்கி, கடற்காற்றும் சேர, பாக்கெட்டுக்குள் தூள் கட்டிகட்டியாக இறுகிப் பூஞ்சை பூத்தது. போன சரக்கு முழுவதும் வேனில் திரும்பி வந்தது.

அதிகாரி போனில் கத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "தப்பு என்னுதுங்க" என்றார் அம்மா. என் பேச்சையே எடுக்கவில்லை. "இனிமே பழையபடிதான் வறுப்போம். பிடிச்சா எடுத்துக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாளே அம்மா ஹோட்டல்களையும் மெஸ்களையும் தேடி பஸ் ஏறினார். அடுப்படியில் நிற்பவர்களுக்குக் கலரைப் பற்றிக் கவலையில்லை, மூக்கால் பார்த்து வாங்கினார்கள். ஆனாலும் ஆர்டர் மெதுவாகத்தான் வந்தது. அதுவரை ஒருவரையும் அனுப்பாமல், ஆறு நாளுக்குப் பதில் ஆளுக்கு வாரம் நாலு நாள் என்று வேலையைப் பகிர்ந்து கொடுத்தார். அவர்கள் இரண்டு நாளை இழந்தது என்னால்தானே! ராஜினாமாக் கடிதம் எழுதி நீட்டினேன். அம்மா படித்துவிட்டு, மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"நீங்க போயிட்டா சரியாயிடுமாண்ணே? மல்லி எங்க கெட்டுச்சுன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நாளையிலேர்ந்து வறுப்பு உங்க பொறுப்பு."

எட்டுப் பேரும் தங்கினார்கள். பெரிய கடை அலமாரியில் இன்று சிவப்புப் பாக்கெட்டுகள்தான் இருக்கின்றன. எங்கள் மில்லும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன வருடம் ஓய்வு பெறும்வரை தினமும் வறுப்பு வாணலி அருகில் நின்றேன். பதம் சரியா என்று ஒரு நாள்கூட அம்மா வந்து எட்டிப் பார்த்ததில்லை.