பாவாத்தாள் சொன்னதும் பக்ருன்னிசா செய்ததும்

சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் பல்லடம் போய்ச் சேரும்வரை பக்ருன்னிசா கண்ணை மூடிக்கொண்டுதான் வருவாள். தூங்குவதில்லை. யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். போய் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அடுத்தவர்கள் பேசுவதையே கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்ச நேரமாவது காதுக்கு ஓய்வு கிடைத்தால் தேவலை.

வீடு கோட்டைமேட்டில். கணவர் இல்யாஸ் டவுன்ஹால் பக்கம் ஒரு செருப்புக் கடையில் இருக்கிறார். சமூகப்பணி படித்துவிட்டு, பல்லடத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மனநல மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மகள் இஃப்ரா கைக்குழந்தை. இப்போது இஃப்ரா கல்லூரிக்குப் போகிறாள்.

டாக்டர் மனோஜ்குமார் புதன்கிழமை மட்டும்தான் அங்கே வருவார். அன்றைக்கு வராந்தா நிறைந்துவிடும். ஒவ்வொருவரையும் பார்க்க அவருக்குக் கிடைப்பது சில நிமிஷம். நோயாளியைக் கூட்டிவந்தவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, பக்ருன்னிசாவின் மேசைக்கு வந்து அழுவார்கள். ஒருவர் சொல்லி அழுததையே அடுத்தவரும் சொல்லி அழுவார். காத்திருக்கிற நேரத்தில் இவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டரும் சரி என்றார். பின்பக்க அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். புத்தகத்தில் அதற்குக் குழு சிகிச்சை என்று பெயர். வந்தவர்கள் 'கூட்டம்' என்றார்கள்.

பல மாதம் அது பெயருக்குத்தான் நடந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வரதராஜுலு மகளுக்காக வருகிறவர். யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும். இந்தக் கோயிலுக்குப் போங்க, பூசணிச் சாறு குடுங்க என்பார். பட்டறையில் விசைத்தறி ஓட்டும் திருமூர்த்தி மனைவி பிந்துவுக்காக வருகிறவர். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நடுவில் வந்து சேர்ந்தவள் பாவாத்தாள். ஊருக்கு வெளியே தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் சாளை வீட்டில் அவளும் மகன் சுரேந்தரும் மட்டும். பாலிடெக்னிக் படிக்கும்போதே அவனுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்துவிட்டன. "நல்லா இருக்கறானுங்க அம்மணி, மாத்தரை திங்கறான்" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை.

சித்திரை வெயிலில் ஒரு புதன்கிழமை, யாரும் கேட்காமலே அவள் பேச ஆரம்பித்தாள்.

"போன வாரம் ஒருநாளுங்க, பொழுது உழுகற நேரம். ஆட்டப் புடிச்சுக் கட்டிப்போட்டு வாரேன், சுரேந்தரு கெணத்து மேட்டுல காலத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறான். சுத்துச் செவுரு இல்லாத கெணறுங்க அது."

"அப்பறங்க?" என்றார் திருமூர்த்தி.

"நாங் கூப்புடலீங்க. வேப்பமரத்துக்கிட்டயே நின்னுட்டேன். உழுந்தா உழுகட்டும்னு நெனச்சேன். நெனச்சுட்டே நின்னேனுங்க."

வரதராஜுலு வழக்கம்போல ஏதோ சொல்ல முன்னால் சாய்ந்தார். பக்ருன்னிசா அவரைத் தடுக்கத் திரும்பினாள். ஆனால் அவராகவே பின்னால் சாய்ந்துகொண்டார்.

"அப்பறம் அவனே எந்திரிச்சு வந்தானுங்க. ஏம்மா இங்க நிக்கறேன்னான். கோழியத் தேடறன் சாமின்னு சொன்னேன்."

திருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானும் ஒருக்கா பிந்துவ காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல உட்டுப்போட்டு பஸ் ஏறிட்டனுங்க. கட்டுன பொண்டாட்டி. கொஞ்ச தூரம் போயி மனசு கேக்காம எறங்கித் திரும்ப வந்தேன். உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தா. நான் போனதே அவளுக்குத் தெரியலீங்க. இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

பாவாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும் தோணியிருக்குதுங்க" என்றார் வரதராஜுலு.

உண்மையான கூட்டம் இன்றைக்குத்தான் நடந்திருக்கிறது என்று பக்ருன்னிசாவுக்குப் பட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவள் மனம் அந்தக் கிணற்றங்கரையை விட்டு நகரவில்லை. சுரேந்தர் அங்கே எதற்குப் போய் உட்கார்ந்தான்? நாளைக்கும் போவானா?

எல்லோரும் எழுந்ததும் பாவாத்தாளை மட்டும் நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க சொன்னதுல ஒண்ண மட்டும் டாக்டர்கிட்ட சொல்லியாகோணுங்க. தம்பி கெணத்து மேட்டுல போய் உக்காந்தத."

"இங்க பேசறது வெளிய போவாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"உசுருக்கு ஆபத்துன்னா அப்படி இருக்க முடியாதுங்கம்மா."

"அத எப்பச் சொன்னீங்க?"

பக்ருன்னிசா யோசித்துப் பார்த்தாள். முதல் கூட்டத்தில் சொன்னாள். அப்போது பாவாத்தாள் வரவில்லை. பிறகு வந்த வாரங்களில், அசதியில் அந்த விதியைச் சுருக்கிச் சுருக்கி, 'இங்க பேசறது இங்கயே' என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம உட்டது என்னோட தப்புத்தானுங்க. ஆனா இத மறைக்க என்னால முடியாது. நீங்களே டாக்டர்கிட்ட சொல்றீங்களா? நான் கூட இருக்கறேன்."

"பெத்தவ நின்னு வேடிக்க பாத்தாள்னு நானே போயிச் சொல்லோணுமா? நீங்களே சொல்லுங்க மேடம்." அதுவரை அம்மணி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மகன் கிணற்று மேட்டில் உட்கார்ந்ததை மட்டும் பக்ருன்னிசா டாக்டரிடம் சொன்னாள். தாய் நின்றதைச் சொல்லவில்லை. டாக்டர் சுரேந்தரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது அவன் எதையும் ஒளிக்கவில்லை. உள்ளே இறங்கி வா என்று குரல் கூப்பிடுகிறது, அடிக்கடி போய்ப் பார்க்கிறேன் என்றான். அன்றைக்கே கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடாயிற்று. பக்ருன்னிசாவும் கூடப் போனாள். ஆம்புலன்ஸில் பாவாத்தாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தது சரிதான் என்று பக்ருன்னிசாவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மனது ஆறவில்லை. வீட்டில் இஃப்ரா ஏதோ சொல்லிக்கொண்டே வந்து, "அம்மா, நான் சொல்றது காதுல விழுதா?" என்று கேட்டாள். விழுகிறது என்றாள். விழவில்லை.

"வேலைய உட்டுடலாம்னு இருக்கேன்" என்று ஒருநாள் இல்யாஸிடம் சொன்னாள்.

"மொதல்ல கொஞ்ச நாள் லீவு போடேன்."

"நான் இல்லாட்டி அங்க யாரு உக்காருவா?"

"நீ போறதுக்கு முன்னாடி யாரு உக்காந்தா?"

"யாருமில்ல" என்றாள்.

வரதராஜுலு அவளிடம் பாவாத்தாளின் ஊரைக் கேட்டார். அதைச் சொல்லக்கூடாது என்று அவள் மறுத்துவிட்டாள். தெரிந்த கண்டக்டர்களிடம் விசாரித்து அவராகவே கண்டுபிடித்து, திருமூர்த்தியின் வண்டியில் இருவருமாகப் போய்வந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் வரதராஜுலுதான் வந்து சொன்னார்.

"ஏதாச்சும் யோசன சொன்னீங்களா?" என்று பக்ருன்னிசா கேட்டாள்.

"ஒண்ணுமே சொல்லலீங்க. திருமூர்த்தி கெணத்தச் சுத்திக் கம்பி வேலி கட்டிக் குடுத்தாருங்க. நான் ஆட்டுக்குத் தழ ஒடிச்சுப் போட்டேன். ஆளுக்கொரு டம்ளர் மோர் குடுத்தாங்க. வந்துட்டோம்."

அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கூடவே லேசாக வலித்தது. தன்னால் போக முடியாத வாசலுக்கு அவர்கள் போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

ஆடிக் காற்று தொடங்கிய பிறகு பாவாத்தாள் திரும்பி வந்தாள். சுரேந்தர் வீட்டுக்கு வந்துவிட்டான், இப்போது மாதம் ஒரு ஊசி. முக்கால் நாள் தூங்குகிறான், முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். இதையெல்லாம் அவள் திருமூர்த்தியிடம் சொன்னாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

அன்றைக்குக் காளியாத்தாள் என்று ஒரு புதுப் பெண் வந்திருந்தாள், தங்கைக்காக. பக்ருன்னிசா விதிகளைச் சுருக்காமல் நிதானமாகச் சொன்னாள். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்; யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்வேன்; உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

பாவாத்தாள் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "கடேசியாச் சொன்னாங்கல்ல, அத நல்லாக் கேட்டுக்க கண்ணு. எனக்குத் தெரியாமப் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சிருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன். வேற யாருகிட்டப் போயிச் சொல்றது?" என்றாள்.

பக்ருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். காளியாத்தாள் மெதுவாகத் தன் தங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

இன்றுவரை பாவாத்தாள் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. ஊசித் தேதி கேட்க வேண்டுமென்றாலும் நர்ஸிடம்தான் கேட்கிறாள். கூட்டத்துக்கு வரத் தவறுவதும் இல்லை. வேலையை விடுவதைப் பற்றி பக்ருன்னிசா இன்னும் முடிவு செய்யவில்லை. புதிதாக இரண்டு பேர் வருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். பின்பக்க அறையில் ஒரு நாற்காலிக்குக் கால் ஆடுகிறது. அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.