புழு ஊசி

படைப்புழுவை எங்கள் ஊரில் அதிகம் வெறுப்பவர் என் மச்சான், ராத்தாவின் கணவர். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். சம்மாந்துறைக்கு மேற்கே மேட்டுக்காணியில் சோளம் செய்தார். புழு குருத்துக்குள் இருந்து தின்றது. அவர் வெளியே நின்று எண்ணெய் அடித்தார். பூச்சிகொல்லியை எங்கள் பக்கம் எண்ணெய் என்பார்கள். போகத்துக்கொரு புதுப் போத்தல் வந்தது. புழு எல்லாவற்றையும் குடித்துக் கொழுத்தது. நான் அப்போது ஒரு நாளிதழில் இருந்தேன். அதிகாரிகள் புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் படங்களுக்குக் கீழே வரி எழுதினேன். படங்களில் புழு மட்டும் தெளிவாக இருந்தது.

அந்தப் போத்தல்களை விற்ற கடைக்காரர் இப்போது வட்சப்பில் மார்க்க அறிஞராகவும் மருத்துவராகவும் பதவி உயர்ந்திருக்கிறார். யாரும் உயர்த்தவில்லை, அவரே ஏறிக்கொண்டார்.

ராத்தா தொய்வுக்காரி. குளிர்காற்று பட்டாலே மூச்சு இழுக்கும். அவருக்கு மக்கா போய் உம்றா செய்ய ஆசை. வளைகுடாவில் வேலை செய்யும் மகன், தன்னிடம் வந்தால் கூட்டிப்போவதாகச் சொன்னான். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் அந்தச் சனக்கூட்டத்துக்குள் தாயைக் கொண்டுபோக மாட்டான் என்பது நிபந்தனை. வழமையான ஊசி கோழி முட்டையில் வளர்த்துச் செய்வது. ராத்தாவுக்கு முட்டை பட்டாலே முகம் வீங்கும். அங்குள்ள டொக்டர் முட்டை சேராத இன்னொன்றைச் சொன்னார். பூச்சியின் உயிர்க்கலங்களைக் கொண்டு செய்தது. என்ன பூச்சி என்று மகன் தேடிப் பார்த்து, "படைப்புழு" என்று குடும்பக் குழுமத்தில் எழுதினான்.

அங்கிருந்து யாரோ கடத்திவிட, மாலைக்குள் வட்சப்பில் கடைக்காரரின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"புழுவ அரச்சு நம்மட பொண்டுகள்ற ரத்தத்துல ஏத்துறானுகள். அதுவும் உம்றாக்குப் போற ஆக்களுக்கு! எல்லாருக்கும் அனுப்புங்க வாப்பா."

அனுப்பினார்கள். மாவில் வண்டு ஊர்ந்தால் அரித்துவிட்டு இடியப்பம் அவிக்கும் ஊர், அன்று புழுவுக்கு அருவருத்தது. ராத்தா பயணத்துக்குத் தைத்த புதுத் துணிகளை அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட்டார்.

நான் போனபோது மச்சான் கொதித்துக்கொண்டிருந்தார். "என்ட சோளத்தத் திண்டது காணாதா? இப்ப பொண்டாட்டிக்குள்ளயும் பூரப் போகுதா?"

அரைப்பதில்லை என்றேன். எப்போதோ ஒரு கூட்டுப்புழுவிலிருந்து எடுத்த கலங்களின் வம்சத்தைத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அதற்குள் ஒரு வைரஸை விடுகிறார்கள். மனிதரை ஒன்றும் செய்யாத, புழுக்களைக் கொல்லும் வைரஸ். சளிக்காய்ச்சல் கிருமியின் ஒரு புரதத்தைச் செய்யும் கட்டளையை அதற்குள் முன்கூட்டியே வைத்திருப்பார்கள். கலம் அந்தப் புரதத்தைச் செய்து குவித்துவிட்டுச் சாகும். புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து எடுப்பார்கள். ஊசியில் போவது அது, புழுவுமல்ல, வைரஸுமல்ல.

மச்சான் ஒரு சொல்லில் நின்றுவிட்டார்.

"புழுவக் கொல்ற வைரஸா?"

"ஓம் மச்சான்."

"காணிக்குள்ள இரிக்கிற புழுவையும் கொல்லுமா?"

"அதுட சொந்தக்கார வைரஸ சில நாடுகள்ல பயிருக்கு அடிக்கிறாங்க."

அவர் முகம் இறுகியது. "அப்ப அத ஏன்டா எனக்குத் தரல்ல?"

புழுவைப் பற்றி அத்தனை செய்திகள் போட்ட எங்கள் பத்திரிகையில் அந்த வைரஸைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. அறிவு எங்கள் கரைக்கு வரும்போது வதந்தியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

மறுநாள் கடைக்கு அவர் பின்னால் நானும் போனேன். "புழுவக் கொல்ற வைரஸ் ஒரு போத்தல் தாங்க" என்றார் மச்சான்.

கடைக்காரர் சிரித்தார். "வைரஸா? காக்கா, உங்களுக்குக் காய்ச்சலா?"

"புழு சாகிற சாமான் உங்களுக்கிட்ட இல்ல. சாகாத சாமான்தான் அடுக்கி வச்சிரிக்கீங்க. நீங்க எனக்கு ஹறாம் ஹலால் சொல்ல வாறீங்களோ?"

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். முந்திய நாள் அந்தக் குரலை எனக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும், "ஊசியப் போட்டுட்டுப் போய் வா" என்றார் மச்சான் ராத்தாவிடம். நான் சொன்ன அறிவியலில் அவருக்கு வேண்டியது புழுவைப் பழி தீர்க்கும் பங்கு மட்டும்.

ராத்தா மகனிடம் போய்ச் சேர்ந்து, ஊசியும் போட்டு, தொலைபேசியில் வந்தார். "குத்தினதே தெரியல்ல. பதினஞ்சு நாள்ல மக்காவுக்கு வெளிக்கிடுறம். மச்சானுக்கிட்டச் சொல்லு, உடம்புக்குள்ள ஒண்டும் ஊரல்ல எண்டு."

மச்சான் கைபேசியை என்னிடமிருந்து பறித்தார்.

"அத உடு புள்ள. எத்தின புழு செத்துச்சாம்? அந்த டொக்டருக்கிட்டக் கேளு."